ஹாம்ஸ்டர் வளர்ப்பு: நம் ஊர் வெயிலில் எப்படிப் பார்த்துக்கொள்வது? முழுமையான வழிகாட்டி

எலியைப் போன்ற சின்னச் செல்லப்பிராணியான ஹாம்ஸ்டரை வாங்கலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "மே மாதம் மதியம் 2 மணிக்கு உங்கள் வீட்டில் எத்தனை டிகிரி இருக்கும்?" கூண்டும் தீனியும் சக்கரமும் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். ஆனால் மொட்டைமாடிக்கு நேர்க் கீழே, ஏசி இல்லாத அறையில் 36 டிகிரியில் பகலெல்லாம் ஒரு ஹாம்ஸ்டரை வைத்திருந்தால் அது கோடையைத் தாண்டுவது சந்தேகம். அதற்குச் சௌகரியமான வெப்பம் ஏறக்குறைய 20 முதல் 25 டிகிரி வரை. 30-ஐத் தாண்டினாலே ஆபத்து தொடங்கிவிடும். இதற்கு ஒரு வழி செய்ய முடியும் என்றால் மேலே படியுங்கள். முடியாது என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடைகளில் பரவலாகக் கிடைப்பது சிரிய ஹாம்ஸ்டர். பொன்னிற ஹாம்ஸ்டர் என்பதும் இதுதான், "டெடி பியர்" என்று கூடுதல் விலைக்கு விற்கும் நீண்ட முடி ஹாம்ஸ்டரும் இதுதான். 1930-இல் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டி, ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் பிடித்து ஜெருசலேமுக்குக் கொண்டு போனார். இன்று உலகெங்கும் வீடுகளில் இருக்கும் சிரிய ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரு வளையின் வாரிசுகள். சொந்த மண்ணில் இந்த இனம் இப்போது அழியும் ஆபத்தில் இருக்கிறது.

அலெப்போ ஒன்றும் குளுகுளு ஊர் இல்லையே, அங்கே எப்படி வாழ்கிறது என்று தோன்றலாம். அங்கே அது பகலைக் கழிப்பது தரைக்கு அரை மீட்டருக்கும் கீழே. மேலே வெயில் கொளுத்தினாலும் வளைக்குள் வெப்பம் அவ்வளவாக ஏறாது. ஆய்வாளர்கள் அங்கே வளைகளைத் தோண்டிப் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் இருந்தது ஒற்றை ஹாம்ஸ்டர், அல்லது குட்டிகளோடு ஒரு தாய். வளர்ந்த இரண்டு ஹாம்ஸ்டர் ஒரே வளையில் இல்லை. ஆழம், தனிமை, குளிர்ச்சி ஆகிய இந்த மூன்றையும் வீட்டில் எப்படித் தருவது என்பதுதான் ஹாம்ஸ்டர் வளர்ப்பு. கடையில் கூண்டோடு சேர்த்துத் தரும் 'செட்'டில் இந்த மூன்றும் இருக்காது.

சிரிய வகை 100 முதல் 150 கிராம் வரை வளரும். குட்டை ஹாம்ஸ்டர்களில் வின்டர் வைட், கேம்ப்பெல், ரோபோரோவ்ஸ்கி ஆகியவை வளர்க்கப்படுகின்றன. இவற்றில் ரோபோரோவ்ஸ்கி 20–25 கிராம்தான். மின்னலாக ஓடும், பார்க்க அழகு, கையில் எடுக்கத் தோதுப்படாது. முதல் முறை வளர்ப்பவர்களுக்கு என் சிபாரிசு சிரிய வகை. உருவம் பெரிது, நிதானமான சுபாவம், கைக்குச் சீக்கிரம் பழகும். ஆயுள் 2 முதல் 3 ஆண்டுகள். வீட்டில் குழந்தை இருந்தால் இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 1: வாங்குவது

"ஜோடியா வாங்கிட்டுப் போங்க, தனியா இருந்தா ஏங்கிடும்" என்பது கடையில் தவறாமல் கேட்கும் வசனம். நம்பாதீர்கள். சிரிய ஹாம்ஸ்டர்கள் 8 வாரத்துக்கு மேல் ஒன்றாக இருந்தால் ரத்தம் வரச் சண்டை போடும், ஒன்று செத்தும் போகும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் சண்டையோடு குட்டிகளும் சேரும். கர்ப்பகாலம் 16 நாள்தான், ஒரு ஈற்றில் 8, 10 குட்டி சாதாரணம். குட்டை வகைகளில் சில ஜோடியாக இருக்கும் என்பார்கள். அதிலும் பல ஜோடிகள் கடைசியில் சண்டையில்தான் முடிகின்றன. ஒன்று போதும்.

அது பகலில் தூங்கும் பிராணி. அதனால் மாலை 6 மணிக்கு மேல் கடைக்குப் போங்கள், அப்போதுதான் அதன் உண்மையான நிலை தெரியும். கண் பளிச்சென்று திறந்திருக்க வேண்டும், மூக்கில் ஒழுகல் கூடாது. வாலடி காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். ஒரே கூண்டில் ஒன்றுக்கு வாலடி ஈரமாக இருந்தாலும் அந்தக் கூண்டிலிருந்து எதையும் வாங்காதீர்கள். ஆண், பெண் கலந்து அடைத்திருந்தால் பெண்ணை எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 5 வாரத்திலேயே இவை பருவத்துக்கு வந்துவிடும், வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரமே பிரசவம் நடக்கலாம். செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2018-இல் வந்த மத்திய அரசின் விதிகள் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் ஹாம்ஸ்டரும் உண்டு. பதிவுச் சான்றைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

இன்னொன்று, கூண்டைத் தயார் செய்துவிட்டு ஹாம்ஸ்டரை வாங்குங்கள். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

படி 2: கூண்டு

கடையில் தொங்கும் வண்ண வண்ணக் கம்பிக் கூண்டுகள் ஹாம்ஸ்டருக்குப் போதவே போதாது. 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் என்பது ஜெர்மனியின் விலங்கு நல மருத்துவர்கள் சொல்லும் குறைந்தபட்ச அளவு. நம் ஊரில் இதற்கு மூன்று வழி இருக்கிறது. பழைய 4 அடி மீன்தொட்டி ஒன்று. 100 லிட்டருக்கு மேற்பட்ட பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் மூடியை வெட்டி வலை பொருத்துவது இன்னொன்று, ஆனால் பெட்டி எவ்வளவு பெரியது கிடைத்தாலும் அது மேலே சொன்ன அளவை எட்டுவது கடினம். எனக்குப் பிடித்தது மூன்றாவது: தச்சரிடம் சொல்லி, கீழ்ப்பாதி பலகை, மேல்பாதியும் கூரையும் கம்பிவலை என்று ஒரு பெட்டி அடிப்பது. கண்ணாடித் தொட்டியில் காற்று நின்றுவிடும், கோடையில் அது உள்ளே சூட்டைப் பிடித்து வைக்கும். வலை வைத்த மரப்பெட்டியில் அந்தத் தொல்லை குறைவு. வலைக் கண் சிரிய வகைக்கு 1 செ.மீ.க்குள், குட்டை வகைக்கு 7 மி.மீ.க்குள் இருக்கட்டும். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்.

மாடி மாடியாக இருக்கும் கூண்டு பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் ஹாம்ஸ்டருக்குப் பார்வை மங்கல், உயரம் கணிக்கத் தெரியாது. விழுந்து கால் முறியும். அதற்கு வேண்டியது கீழே தோண்ட இடம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் 10, 40, 80 செ.மீ. என மூன்று ஆழங்களில் படுகை (கூண்டின் தரையில் தோண்டுவதற்காகப் பரப்பும் தாள், வைக்கோல் போன்றவை) போட்டுப் பார்த்தார்கள். 10 செ.மீ.யில் இருந்தவைதான் கம்பியை அதிகம் கடித்தன, சக்கரத்திலும் அதிகம் ஓடின. ஆழம் கூடியவற்றில் கம்பி கடிப்பது வெகுவாகக் குறைந்தது. இரவெல்லாம் கம்பியைக் கடித்துத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று புகார் சொல்பவர்கள் முதலில் படுகையின் ஆழத்தை அளந்து பாருங்கள். பாதி இடத்திலாவது 25, 30 செ.மீ. இருக்க வேண்டும்.

எதைப் போடுவது? அச்சடிக்காத வெள்ளைத் தாளைக் கிழித்த துண்டுகள், வாசனை சேர்க்காத டிஷ்யூ, நடுநடுவே நன்கு காய்ந்த சுத்தமான வைக்கோல். வைக்கோல் கலந்தால்தான் வளை இடிந்து விழாமல் நிற்கும். தச்சுப் பட்டறை மரத்தூள் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அதில் என்ன மரம், என்ன பசை, என்ன வார்னிஷ் என்று யாருக்கும் தெரியாது. பைன், தேவதாரு மரச் சீவல்களின் வாசனை எண்ணெய் நுரையீரலுக்கு ஆகாது. உமியில் வளை நிற்காது, தூசியும் அதிகம். பஞ்சு மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். காலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்தும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

சக்கரம் இல்லாத கூண்டு அரைக் கூண்டுதான். சிரிய வகைக்கு 28 செ.மீ. விட்டம், குட்டை வகைக்கு 20 செ.மீ. ஓடும்போது முதுகு வளையக் கூடாது, அதுதான் கணக்கு. ஓடுபாதை இடைவெளி இல்லாமல் மூடியிருக்க வேண்டும், கம்பிச் சக்கரத்தில் கால் மாட்டும். உருண்டோடும் பிளாஸ்டிக் பந்து வேண்டாம். காற்றோட்டம் கிடையாது, வெளியே வரவும் அதற்கு வழி கிடையாது.

ஒரு ஓரத்தில் தட்டு நிறைய மணல் வையுங்கள். ஆற்றுமணலை நன்றாகக் கழுவி, சலித்துத் தூசி போக்கி, வாணலியில் வறுத்து ஆறவைத்தால் போதும். ஹாம்ஸ்டர் அதில் புரண்டுதான் குளிக்கும், பலவும் அதையே கழிப்பிடமாகவும் வைத்துக்கொள்ளும். தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது. ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டும் வீடியோக்களைப் பார்த்து யாரும் செய்துவிடாதீர்கள். ரோமத்தின் எண்ணெய்ப் பசை போய், உடல் சில்லிட்டு, அதிர்ச்சியிலேயே இறந்துவிடலாம்.

படி 3: வெயிலைச் சமாளிப்பது

இந்தப் பகுதிதான் நம் ஊருக்கு முக்கியம். நமக்கு மின்விசிறி சுகமாக இருப்பதற்குக் காரணம் நம் வியர்வை. ஹாம்ஸ்டருக்கு நம்மைப் போல் வியர்க்காது. மேலே விசிறியைச் சுழல விட்டுவிட்டு, காற்று வருகிறதே என்று நினைப்பது வீண். அறையின் சூடான காற்று அதன்மேல் வீசுகிறது, அவ்வளவுதான்.

ஏசி அறை இருந்தால் கோடை மாதங்களில் கூண்டை அங்கே மாற்றி 25, 26-இல் வையுங்கள், காற்று நேராக அடிக்காமல். ஏசி இல்லையென்றால் வீட்டிலேயே தாழ்வான, வடக்குப் பக்க, ஜன்னல் வெயில் படாத அறையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சின்ன வெப்பமானியைக் கூண்டுக்குள்ளேயே மாட்டுங்கள். அறையின் வெப்பமும் கூண்டுக்குள் இருக்கும் வெப்பமும் ஒன்றல்ல.

பூச்சு இல்லாத மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து, வாசலுக்கு விளிம்பை உடைத்து மழுக்கி வைத்தால் அதைவிட நல்ல கோடை வீடு கிடையாது. உள்ளே ஒரு கடப்பா கல் துண்டோ தரை ஓடோ போடுங்கள், வயிற்றை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். கல்லைப் படுகையின் மேல் வைக்காமல் கூண்டின் தரையில் ஊன்றி வையுங்கள், அடியில் தோண்டினால் சரிந்து நசுக்கிவிடும். ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு பக்கம் சாய்த்து வைக்கலாம். ஒரு பக்கம் மட்டும்தான், வேண்டும்போது கிட்ட வர, போதும்போது தள்ளிப் போக அதற்கு வழி வேண்டும். மின்வெட்டு வரும் ஊர்களில் இந்த பாட்டில்கள் இரண்டு எப்போதும் ஃப்ரீசரில் இருக்கட்டும்.

வெயில் தாக்கிய ஹாம்ஸ்டர் தட்டையாக நீட்டிப் படுத்திருக்கும், மூச்சு வேகமாக வாங்கும், வாயோரம் ஈரமாகும், தொட்டால் துவளும். உடனே குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காது, பாதங்களைத் துடையுங்கள். ஐஸ் தண்ணீர் கூடாது, தண்ணீரில் முக்கவும் கூடாது. தானாகக் குடித்தால் தண்ணீர் கொடுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். அப்புறம் மருத்துவர்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு. மார்கழிக் குளிரில் ஹாம்ஸ்டர் உடல் சில்லிட்டு, மூச்சு இருக்கிறதா என்றே தெரியாத உறக்கத்துக்குப் போய்விடலாம். செத்துவிட்டது என்று புதைத்துவிடாதீர்கள். கையில் பொத்தி, அறையைச் சூடாக்கி, அரை மணி, ஒரு மணி நேரம் மெதுவாகச் சூடேற்றிப் பாருங்கள். மீசை அசைகிறதா, விறைப்பு தளர்கிறதா என்று கவனியுங்கள்.

படி 4: வீட்டில் இருக்கும் எதிரிகள்

எறும்பு வரும். தீனியைப் பதுக்கும் பிராணி இருக்கும் இடத்துக்கு வராமல் இருக்குமா? எறும்புச் சாக்கட்டியோ மருந்துப் பொடியோ கூண்டுப் பக்கமே போகக் கூடாது, இரண்டும் பூச்சிக்கொல்லி. கூண்டு வைத்த மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள், பாட்டி காலத்துச் சமையலறை அலமாரிக்குச் செய்ததுதான். அந்தத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் எறும்பு போய்க் கொசு வரும்.

கொசுவர்த்தி, பிளக்கில் மாட்டும் கொசு திரவம், சாம்பிராணி, ஊதுபத்தி, அறை மணமூட்டி, பாச்சா உருண்டை எதுவும் அந்த அறையில் வேண்டாம். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிடுங்கள். எலி விரட்ட பிளக்கில் மாட்டும் மின்கருவி ஒன்று விற்கிறதே, நம் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்புவது, அது ஹாம்ஸ்டருக்கு நன்றாகவே கேட்கும். வீட்டில் இருந்தால் கழற்றுங்கள். டிவி, ஸ்பீக்கர், மிக்ஸி பக்கத்திலும் கூண்டு வேண்டாம். தீபாவளி இரவு அதை உள்ளறைக்கு மாற்றி, தாளும் வைக்கோலும் கூடுதலாகப் போட்டுவிடுங்கள், தானே ஆழத்துக்குப் போய்விடும்.

வீட்டு எலியும் பெருச்சாளியும் இன்னொரு கவலை. கூண்டுக்குள் கைவைத்துக் கடிக்கும், நோயையும் கொண்டு வரும். அதற்காக எலி மருந்து வைத்தால் தப்பித்து ஓடும் ஹாம்ஸ்டர் அதைத் தின்னும். பொந்தை அடைப்பதே வழி. ஹாம்ஸ்டர் தப்பித்துவிட்டால் கதவுகளைச் சாத்தி, விளக்கணைத்து, சுவரோரம் விதைகளை வைத்துக் காத்திருங்கள். இரவில் சுவரை ஒட்டியே வரும்.

படி 5: தீனி

பாக்கெட் தீனியில் புரதம் 16 முதல் 20 சதவீதம் இருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள். நிறம் போட்ட பிஸ்கட் துண்டுகளும் சூரியகாந்தி விதையுமாக இருந்தால் அது தீனி இல்லை, நொறுக்கு. நல்ல செய்தி, நம் சிறுதானியங்கள் இவற்றுக்கு அருமையாகப் பொருந்தும். தரமான பாக்கெட் தீனியோடு தினை, சாமை, கம்பு, கேழ்வரகு, உடைக்காத ஓட்ஸ் கலந்து, படுகையில் தூவி விடுங்கள். தேடித் தின்பதில் அதற்குப் பொழுது போகும். சிரிய வகைக்கு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி, 10 கிராம் போல. குட்டை வகைக்கு அதில் பாதிக்கும் கீழே.

தட்டு காலியாகிவிட்டதென்று மேலும் போடாதீர்கள். கன்னப்பையில் அள்ளிக்கொண்டு போய் வளைக்குள் சேர்த்து வைத்திருக்கும்.

வாரத்தில் இரண்டு முறை நகத்தளவு அவித்த முட்டை வெள்ளை, உப்பு போடாமல் வேகவைத்த கொண்டைக்கடலை ஒன்று, முளைகட்டிய பயறு சில. காய்களில் வெள்ளரி, பூசணி, கொஞ்சம் கேரட். இரவு வைத்ததை வளைக்குள் பதுக்கினால் நம் ஈரப்பதத்தில் மறுநாளே பூசணம் பிடிக்கும், அதனால் கொஞ்சமாக, தின்று முடிக்கும் அளவே. பூசணி விதை, சூரியகாந்தி விதை நாளைக்கு ஒன்றிரண்டு, கையால் கொடுத்துப் பழக்க உதவும். குட்டை வகைகளுக்குச் சர்க்கரை நோய் எளிதில் வரும், வாழைப்பழம், மாம்பழம், திராட்சை வேண்டாம்.

வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, ஆரஞ்சு, சாக்லேட், பச்சை உருளைக்கிழங்கு, வேகாத ராஜ்மா, தக்காளி இலை, ஆப்பிள் விதை எல்லாம் விலக்கு. முறுக்கும் மிக்சரும் சொல்லவே வேண்டாம். சாதம் குழைந்தால் கன்னப்பையில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் பாட்டிலில் தினமும் புதுத் தண்ணீர், நுனி உருண்டை சிக்கவில்லையா என்று விரலால் தட்டிப் பாருங்கள். கோடையில் கூடவே ஒரு கனமான கிண்ணத்திலும் வையுங்கள்.

படி 6: பழக்குவது

முதல் மூன்று நாள் தொடாதீர்கள். பிறகு மாலையில் கூண்டுப் பக்கம் உட்கார்ந்து மெல்லப் பேசுங்கள், விதையை விரலில் வைத்து நீட்டுங்கள். தானாக உள்ளங்கையில் ஏறும்வரை பொறுத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் பழகிவிடும். மேலிருந்து கை வந்தால் பருந்து என்றே நினைக்கும், பக்கவாட்டில் கொண்டு போங்கள். தூங்கும்போது எழுப்பினால் கடிக்கும், அதில் அதன்மேல் குற்றம் இல்லை. தரையில் உட்கார்ந்துதான் கையில் எடுக்க வேண்டும். 8 வயதுக்குக் கீழ் குழந்தைகள் பெரியவர் இல்லாமல் தூக்கக் கூடாது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, காயம் ஆழமாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 7: சுத்தம்

தினமும் சிறுநீர் மூலையை மட்டும் எடுத்துவிடுங்கள். வாரம் ஒரு முறை கூண்டு முழுவதையும் கொட்டிக் கழுவும் பழக்கம் நமக்குத்தான் திருப்தி. தன் வாசனை போனதும் அது பதறிப்போய் மறுபடி எல்லா இடத்திலும் குறி வைக்கும், நாற்றம் இன்னும் கூடும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை படுகையில் மூன்றில் ஒரு பங்கை மாற்றினால் போதும். டெட்டால், பினாயில் வேண்டாம், வெந்நீரும் வினிகரும் போதும். தொட்ட பிறகு கையைக் கழுவுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கூண்டு வேலையை வேறொருவர் பார்க்கட்டும், ஹாம்ஸ்டர் வழியாகக் கருவைப் பாதிக்கும் வைரஸ் ஒன்று பரவ வாய்ப்புண்டு.

பிரசவம் நடந்துவிட்டால் இரண்டு வாரம் கூண்டில் கைவைக்காதீர்கள், குட்டிகளைத் தொடவே வேண்டாம். மிரண்ட தாய் குட்டிகளைத் தின்றுவிடும். தண்ணீரும் கூடுதல் புரதமும் மட்டும் வையுங்கள். 4 வாரம் முடிவதற்குள் ஆண், பெண் குட்டிகளைப் பிரித்துவிடுங்கள்.

படி 8: உடம்பு சரியில்லை என்றால்

சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். நோயை மறைப்பதில் இவை கெட்டிக்காரர்கள், எடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். வாலடி ஈரமாகி, நீர்த்த கழிச்சலோடு கூனிக்குறுகி உட்கார்ந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். குட்டிகளுக்கு வரும் இந்த வாலீர நோய் ஓரிரு நாளில் உயிரைக் குடிக்கும். கன்னம் ஒரு பக்கம் இரவு கடந்தும் வீங்கியே இருந்தால் தீனி சிக்கியிருக்கலாம், சீழும் கட்டியிருக்கலாம். முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும். தேய்க்க மாமரம், கொய்யா மரக் குச்சிகளைக் காயவைத்துப் போடுங்கள். பற்கள் மஞ்சளாக இருப்பது இயல்பு. சிரிய வகையின் இரண்டு இடுப்பிலும் கருத்த புள்ளி தெரிந்தால் பதறாதீர்கள், அது வாசனைச் சுரப்பி.

இதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினை உடைத்துக் கொடுக்காதீர்கள். பென்சிலின் வகை மருந்துகள் ஹாம்ஸ்டரின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து, நச்சுக் கிருமிகளைப் பெருக்கி, அதைக் கொன்றே விடும். நாய்க்கும் நமக்கும் ஒத்துக்கொள்ளும் மருந்து இதற்கு விஷம். ஹாம்ஸ்டர் பார்த்துப் பழகிய மருத்துவர் ஊருக்கு ஓரிருவர்தான் இருப்பார்கள். வாங்கும் முன்பே விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கிருந்து விசாரிக்கத் தொடங்கலாம்.

ஒன்றரை வயதுக்கு மேல் ரோமம் மெலியும், கண்ணில் புரை விழும், சக்கரத்தில் ஓட்டம் குறையும். அப்போது தண்ணீர் பாட்டிலைத் தாழ்த்துங்கள், தீனியைத் தூவாமல் கிண்ணத்தில் வையுங்கள், ஓட்ஸை ஊறவைத்துக் கொடுங்கள். பொருள்களை இடம் மாற்றாதீர்கள், கண் தெரியாவிட்டாலும் நினைவிலும் மோப்பத்திலும் நடமாடும். கட்டி தெரிந்தால் அறுவை பற்றி மருத்துவரோடு பேசுங்கள், ஆனால் இந்த வயதில் மயக்க மருந்தே பெரிய ஆபத்து. இறந்துவிட்டால், அதே கூண்டில் அடுத்ததை விடுவதற்கு முன் படுகை, மணல், குச்சிகள் எல்லாவற்றையும் கொட்டி, கூண்டை வெந்நீரில் கழுவி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். மரப்பெட்டி என்றால் சிறுநீர் ஊறிய அடிப்பலகையை மாற்றிவிடுவது நல்லது.